சின்னப் பிள்ளைகளோடு கிரேக்க கிராமத்தில் பத்து நாள்: எங்கே, எப்போது, எப்படி

கேள்வி இதுதான். ஏழு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், பத்து நாள் விடுமுறை. சான்டோரினி, மிகோனோஸ் தீவுகளின் நெரிசலெல்லாம் வேண்டாம், பழைய கல்வீடுகள் இருக்கும் கிராமத்தில் தங்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சலித்துப் போகுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? எந்த ஊர்?

சலிக்காது. கிடைக்கும். பீலியோன் மலைக்குப் போங்கள். மற்ற இடங்களைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன், ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் என்றால் என் பதில் இதுதான், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஓரிரவு தங்குவதைத் தவிர, மற்ற நாளெல்லாம் ஒரே ஊர், மிஞ்சிப்போனால் இரண்டு ஊர், அதற்கு மேல் வேண்டாம். கிரீஸ் என்றாலே மூன்று தீவு, நான்கு கப்பல் என்று திட்டம் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது சரி. மூன்று வயதுப் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: துறைமுகத்தில் வெயிலில் காத்திருப்பது, பெட்டி, படுக்கை மாறுவது, மறுபடி பெட்டி. காற்று பலமாக அடித்தால் கப்பலே நிற்கும், ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று அப்படித்தான் அடிக்கும். கிராமத்தில் பிள்ளைகளுக்குப் பிடிப்பது காட்சிகள் இல்லை, பழக்கம். மூன்றாம் நாள் அதே பூனையைத் தேடிப் போவது, அதே ரொட்டிக் கடைக்காரர் இவனைப் பார்த்ததும் ஒரு துண்டு நீட்டுவது, சதுக்கத்தில் பந்து வைத்திருக்கும் அந்தப் பையன் இன்றும் வந்திருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பது. இதெல்லாம் ஒரு ஊரில் நாலைந்து நாள் இருந்தால்தான் நடக்கும்.

பீலியோன் எங்கே இருக்கிறது என்றால், ஏதென்ஸுக்கும் தெசலோனிகிக்கும் நடுவில், வோலோஸ் என்ற துறைமுக நகரத்துக்குக் கிழக்கே, கடலுக்குள் கொக்கி மாதிரி நீண்டு வளையும் ஒரு மலைத் தீபகற்பம். உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். கிரீஸ் என்றதும் நினைவுக்கு வரும் வெள்ளைச் சுவர், மொட்டைப் பாறை எதுவும் இங்கே கிடையாது. பீச் (beech), செஸ்நட், ஆப்பிள் மரங்கள், தெருவோரம் ஓடும் தண்ணீர், எங்கு பார்த்தாலும் ஹைட்ரேஞ்சியா. வீடுகளின் கீழ்த்தளங்கள் கனத்த கல்லால் கட்டியவை, மேல்தளம் மரச்சட்டத்தில் வெளியே துருத்திக்கொண்டு வரிசையாக ஜன்னல்களோடு இருக்கும், கூரைக்குக் கற்பலகைகள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய மாளிகைகள் அவை. 1970களில் கிரேக்க அரசின் சுற்றுலா நிறுவனம் பாழடைந்துகொண்டிருந்த சில பழைய ஊர்களைத் தேர்ந்தெடுத்து, வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதிகளாக மாற்றத் தொடங்கியது. பீலியோனில் மக்ரினிட்சாவும் விஸிட்சாவும் அந்தத் திட்டத்தில் வந்தவை. ஹியோஸ் தீவின் மெஸ்டா, வடமேற்கில் பபீகோ, சான்டோரினியின் இயா எல்லாம் அதே திட்டம்தான். இன்று நீங்கள் 'பாரம்பரிய விடுதி' என்று தேடும்போது வருபவற்றில் பலவற்றுக்கு வழி போட்டது அந்த முயற்சி.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான ஒன்று, பீலியோனுக்கு இரண்டு பக்கம் உண்டு. கிழக்குப் பக்கம் திறந்த ஏஜியன் கடல். மிலோபொத்தமோஸ், ஃபகிஸ்திரா என்று அங்கே இருக்கும் கடற்கரைகள் படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள், ஆனால் நீங்கள் இறங்குவது படிக்கட்டில், திரும்பி ஏறுவதும் அதே படிக்கட்டில், தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு. தண்ணீர் சீக்கிரம் ஆழமாகிவிடும், அலையும் எழும். மேற்குப் பக்கம் பகஸித்திகோஸ் வளைகுடா. கிட்டத்தட்ட ஏரி மாதிரி மூடிய கடல் அது, அலை குறைவு. கலா நெரா, அஃபிஸோஸ், இன்னும் தெற்கே போனால் மிலினா. இங்கே கரையை ஒட்டியே மரநிழல், நிழலுக்குப் பின்னாலேயே சாப்பாட்டுக்கடை. பையன் முழங்கால் தண்ணீரில் கூழாங்கல் எறிந்துகொண்டிருக்க, நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே மேற்குப் பக்கம் தங்குங்கள். கிழக்கை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் எந்த ஊர்? மிலியெஸ் அல்லது விஸிட்சா. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், காரில் சில நிமிடம். கடலுக்குக் கீழே இறங்க அரைமணி கூட ஆகாது, ராத்திரி மலைக்காற்றில் நிம்மதியாகத் தூங்கலாம், ஜூலையிலும் போர்வை கேட்கும் இரவுகள் உண்டு. மலையே வேண்டாம், காலையில் கதவைத் திறந்தால் கடல் வேண்டும் என்றால் அஃபிஸோஸ். மக்ரினிட்சா மிக அழகான ஊர், வோலோஸ் நகரமும் வளைகுடாவும் மொத்தமாகக் கீழே தெரியும், ஆனால் வார இறுதியில் கூட்டம் நெரியும், அங்கிருந்து கடலும் தூரம். அதற்கு ஒரு மாலை போதும்.

மிலியெஸ் சதுக்கத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விடுமுறையின் பாதி அங்கேதான் போகும். பெரிய மரங்களின் நிழல், கல் பாவிய தரை, சுற்றிலும் காபிக்கடை மேசைகள், ஒரு ஓரத்தில் தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஓட்டு வீடு போலத்தான் தெரியும், உள்ளே போனால் சுவர் முழுக்க ஓவியம், பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். ஊர் சின்னது, வரலாறு பெரியது. 1821 விடுதலைப் போரில் தெசலிப் பகுதிக் கிளர்ச்சி கிளம்பியது இங்கேதான், அந்த்திமோஸ் காஸிஸ் என்ற அறிஞர் தலைமையில். 1943 அக்டோபரில் ஜெர்மன் படை ஊரைக் கொளுத்தியது. ஊரில் நல்ல பழைய நூலகம் ஒன்று இருக்கிறது, ஏழு வயதுப் பெண்ணுக்கு அது எடுபடாது, விட்டுவிடலாம்.

இப்போது நேர ஒழுங்கு. கிரேக்க கிராமத்தின் கடிகாரத்துக்கு மாறிக்கொண்டால் எல்லாம் சுலபம், மாறாமல் உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டால் பத்து நாளும் சண்டைதான். காலை ஒன்பதுக்குள் கடலுக்கு இறங்கிவிடுங்கள். ஒரு மணிக்கு மேல் வெயில் கொளுத்தும், நிழலுக்கு வந்துவிடுங்கள். இரண்டு, இரண்டரைக்கு மதியச் சாப்பாடு. அதன் பிறகு ஊரே தூங்கும். கோடையில் பிற்பகல் 3 மணியிலிருந்து 5.30 வரை அமைதி நேரம் என்று சட்டமே இருக்கிறது, அந்த நேரத்தில் உங்கள் பிள்ளைகள் முற்றத்தில் கூச்சல் போட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து பார்ப்பார், சரியாகவும் இருக்கும். நீங்களும் தூங்குங்கள், பிள்ளைகளைக் கட்டாயம் தூங்க வையுங்கள். ஏனென்றால் ஆறு மணிக்கு மேல்தான் ஊர் மறுபடி எழுந்திருக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு, ராத்திரி பதினொன்றுக்கும் சதுக்கத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். பெரியவர்கள் மேசையில் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடும். மொழி தெரியாதே என்று கவலை வேண்டாம். ஒரு பந்து எடுத்துப் போங்கள், காற்று இறக்கிப் பெட்டியில் வைத்தால் இடமே பிடிக்காது. பந்தோடு வரும் பிள்ளையை எந்தச் சதுக்கமும் தனியாக விடாது.

அந்த ஊர்க்காரர்கள் குழந்தைகளைக் கண்டால் விடமாட்டார்கள். கன்னத்தைத் தொடுவார்கள், தலையை வருடுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், 'பிள்ளை நீண்ட நாள் வாழட்டும்' என்று உங்களைப் பார்த்துச் சொல்வார்கள். வயதான பெண்கள் பிள்ளையைப் புகழ்ந்துவிட்டு, உடனே மூன்று முறை துப்புவது போல ஒலி எழுப்புவார்கள். பயந்துவிடாதீர்கள், கண்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். திருஷ்டி சுற்றிப் போடும் நம் பாட்டிகளுக்கு விளக்கமே தேவைப்படாது. கைக்குழந்தையின் சட்டையில் நீலக் கண் மணி குத்தியிருப்பதையும் அங்கே பார்க்கலாம். உங்கள் பெண் கூச்சக்காரி, அன்னியர் தொட்டால் பிடிக்காது என்றால் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பழைய ஊர்களுக்குள் வழி என்பது கால்தெரிமி, அதாவது கழுதையும் மனிதனும் நடக்கப் போட்ட கற்பாதை, நடுநடுவே படிகள். கார் ஊர் வாசலோடு நின்றுவிடும். இதில் தள்ளுவண்டி இரண்டடி போகாது. மூன்று வயதுப் பையனைத் தூக்கிச் சுமக்க முதுகுப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ எல்லாருக்கும் வேண்டும், மழை பெய்து ஈரமான கற்பாதை எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். இந்தப் பாதைகள்தான் பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கையும். பழைய நீரூற்றுக் குழாய், ஓணான், ஆமை (ஆமாம், காட்டு ஆமைகள் புதரில் ஊர்ந்து போகும், மே மாதத்தில் நிறையவே), செஸ்நட் முள்ளுருண்டை. பெரிய நடை ஒன்றும் வேண்டாம், அரைமணி நடை, முடிவில் ஏதாவது தின்ன, அவ்வளவுதான்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆனோ லெகோனியா என்ற ஊரிலிருந்து மிலியெஸ் வரை சுமார் 15 கிலோமீட்டருக்கு மலையோரமாகக் குட்டி ரயில் பாதை ஒன்று இருக்கிறது, தண்டவாளங்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர்தான் அகலம். 1903இல் மிலியெஸ் வரை வந்தது. போட்டவர் எவரிஸ்தோ தெ கிரிகோ என்ற இத்தாலியப் பொறியாளர், ஓவியர் ஜியோர்ஜியோ தெ கிரிகோவின் அப்பா, ஓவியர் பிறந்ததே வோலோஸில்தான். மிலியெஸை நெருங்கும்போது ஒரு பள்ளத்தாக்கின் மேல் இரும்புப் பாலம் வரும், பாலம் நேராக இருக்கும், அதன் மேல் தண்டவாளம் மட்டும் வளைந்து போகும். கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்புவதற்கு வட்டமான சுழல்மேடை, ஆட்கள் கையால் தள்ளியே அதைச் சுற்றுவார்கள். பிள்ளைகளுக்கு ரயில் பயணத்தைவிட அந்தக் காட்சிதான் பிடிக்கும். 1971இல் நிறுத்தப்பட்ட பாதையை 1996இல் சுற்றுலாவுக்காக மீண்டும் ஓடவிட்டார்கள். ஆனால் 2023 செப்டம்பரில் வந்த டானியேல் புயல் வோலோஸையும் பீலியோனையும் புரட்டிப் போட்டது, ஆகவே உங்கள் தேதிகளில் ரயில் ஓடுகிறதா என்று விடுதிக்காரரிடம் முன்னாலேயே கேட்டுவிட்டு, அதன் பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஓடாவிட்டாலும் மிலியெஸ் நிலையமும் சுழல்மேடையும் பார்க்கத் தகுந்தவை.

கதை சொல்ல இதைவிட நல்ல மலை கிடைக்காது. பாதி மனிதன் பாதி குதிரையான கைரோன் வாழ்ந்த மலை இது, கிரேக்கப் புராண வீரர்களான அக்கிலீஸும் ஜேசனும் அவனிடம்தான் வளர்ந்தார்கள் என்பது பழைய கதை. ஜேசன் தங்க ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பல் ஏறிய இயோல்கோஸ் இன்றைய வோலோஸ் பகுதி, அவனுடைய ஆர்கோ கப்பலுக்கு மரம் வெட்டியது இந்த மலையில். டிராய் போருக்கு வித்திட்ட தங்க ஆப்பிள் வந்து விழுந்த கல்யாண விருந்து நடந்ததும் இங்கேதான் என்பார்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே தினம் ஒரு கதையாகச் சொல்லி வையுங்கள். பிறகு மலையில் குதிரையைப் பார்த்தாலே பெண் ஆராய ஆரம்பித்துவிடுவாள். வோலோஸுக்கு மேலே அனகாசியாவில் ஒரு வீடு இருக்கிறது, தெயோஃபிலோஸ் என்ற நாட்டுப்புற ஓவியர் 1912இல் அதன் சுவர்களில் வீரர்கள், தெய்வங்கள், சிங்கம் எல்லாம் வரைந்து தள்ளியிருக்கிறார், இப்போது அருங்காட்சியகம். பளிச்சென்ற நிறங்கள், சிறிய இடம், அரைமணியில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு ஏற்ற அருங்காட்சியகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சாப்பாடு. சைவத்துக்கு கிரேக்க கிராமம் ஐரோப்பாவிலேயே சுலபமான இடங்களில் ஒன்று. அவர்களுடைய சமயத்தில் விரத நாட்கள் ஏராளம், அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது, அதனால் காய்கறியை ஆலிவ் எண்ணெயில் வதக்கி வேகவைக்கும் சமையல் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. 'லாதேரா' என்று கேளுங்கள். தக்காளியில் வெந்த பீன்ஸ், கத்தரிக்காய், கத்தரியும் உருளையும் சேர்த்து அடுப்பில் வாட்டிய பிரியாம், தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே அரிசி அடைத்த ஏமிஸ்தா (சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்), பெரிய வெள்ளை அவரை போட்ட யிகாந்தெஸ், மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெய் ஊற்றித் தரும் ஃபாவா. 'விரதத்துக்கானது' என்று சொல்ல 'நிஸ்தீசிமோ' என்றால் போதும், புரிந்துகொள்வார்கள், ஆனால் விரத உணவில் கணவாய், இறால் வகைகள் வரலாம், அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். சூப் என்றால் கவனம், கோழிச் சாறு இருக்க வாய்ப்பு அதிகம். கறி சாப்பிடுகிறவர்களுக்கு பீலியோனின் ஸ்பெட்சோஃபாய், தொத்திறைச்சியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு, சில இடங்களில் காரமாகவே இருக்கும்.

பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல் தேட வேண்டாம். தட்டுகளை மேசை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். காலைக்கு ரொட்டிக் கடையில் சீஸ் வைத்துச் சுட்ட திரோப்சோமோ, கெட்டித் தயிரும் தேனும். ரிசோகாலோ என்று ஒன்று கிடைக்கும், அரிசியும் பாலும் சர்க்கரையும், மேலே பட்டைத்தூள், குளிரவைத்த பாயசம் என்றே சொல்லலாம், சாப்பிட அடம்பிடிக்கும் நாளில் உங்களைக் காப்பாற்றும். பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் செய்து விற்கும் பழப்பாகு பீலியோனில் விசேஷம், செர்ரி, அத்தி, இளம் வால்நட் முழுசாகப் பாகில் ஊறியிருக்கும், சின்னத் தட்டில் ஒரு கரண்டியும் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரும் வைத்துத் தருவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வெளியே சாப்பிட உட்கார்ந்தால் குளவிகள் தட்டைச் சுற்றும். கடைக்காரர் ஒரு சாம்பல் கிண்ணத்தில் காபித் தூளைக் கொட்டி நெருப்பு வைத்துக்கொண்டு வருவார், தூள் கனன்று புகையும், குளவி விலகும். அவர் கொண்டுவராவிட்டால் நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம், பழச்சாறு குடிக்கும் பிள்ளையின் உதட்டில் கொட்டிவிட்டால் அந்த நாளே போயிற்று.

இனி மற்ற ஊர்கள். வடமேற்கில் எப்பிரஸ் மலையில் ஸகோரி இருக்கிறது, கல்வீடுகள் நிறைந்த 46 ஊர்கள், 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கீபி ஊரைச் சுற்றி வில்போல வளைந்த பழைய கற்பாலங்கள், 1750இல் கட்டிய கோக்கொரிஸ் பாலம், மூன்று வளைவுள்ள பிளாகிதா பாலம். பபீகோவுக்குப் பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே இயற்கைக் குளங்கள், குளிர்ந்த தெளிந்த தண்ணீர். அழகு என்றால் பீலியோனைவிட ஸகோரிக்கே நான் ஓட்டுப் போடுவேன். ஆனால் மூன்று வயதுப் பையனோடு போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் என்று ஒன்றும் கிடையாது, ஓரத்தில் முழங்கால் உயரக் கற்கள், அவ்வளவுதான். விகோஸ் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடைகள் செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கின்றன. கடலும் பக்கத்தில் இல்லை. ஆட்டு மந்தைக் காவல் நாய்கள் பொல்லாதவை, மந்தை தெரிந்தால் சுற்றிப் போக வேண்டும். பையனுக்கு எட்டு வயது ஆகட்டும், அப்போது ஸகோரி, அப்போது போகாமல் இருக்காதீர்கள்.

தீவுதான் வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து இரண்டு. ஹியோஸ் தீவின் தெற்கில், மஸ்திக்கா என்ற மரப்பிசின் எடுக்கும் கிராமங்கள், அதிலும் மெஸ்டா. கொள்ளையர்களுக்குப் பயந்து கோட்டை மாதிரி கட்டிய ஊர், வெளிச்சுற்று வீடுகளின் முதுகே மதில், உள்ளே கார் நுழையாத, மேலே வளைவு போட்டு மூடிய சந்துகள். பிள்ளைகள் ஒளிந்து விளையாடப் பிறந்த இடம். பக்கத்து ஊரான பிர்கியில் வீட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம், சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்த வடிவங்கள். மரத்தின் கீழே வெள்ளை மண் தூவி, பட்டையைக் கீறி, சொட்டும் பிசினைப் பொறுக்கும் மஸ்திக்கா வேலையைக் கோடை முடிவில் பார்க்கலாம், அந்தத் தொழிலறிவை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மஸ்திக்கா இனிப்பு ஒரு கரண்டி, குளிர்ந்த தண்ணீருக்குள் முங்கியபடி வரும், நக்கிக்கொண்டே தண்ணீரைக் குடிக்க வேண்டும். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணிக்குள் போய்விடலாம், இரவுக் கப்பலும் உண்டு. இன்னொன்று நாக்ஸோஸ். மேற்குக் கரையில் ஆயியோஸ் புரோகோபியோஸ், ஆயியா அன்னா என்று மணல் கடற்கரைகள், மலைக்குள் அபிராந்தோஸ், ஹல்கி போன்ற ஊர்கள். கடற்கரையில் தங்கி மலையூருக்குப் போய்வரலாம்.

எப்போது போவது? ஜூன் முதல் பாதியும் செப்டம்பரும்தான் பொன்னான காலம், கடல் வெதுவெதுப்பு, கூட்டம் குறைவு. உங்களுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் மே என்றால் மே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். கடல் குளிர்ந்திருக்கும், பிள்ளைகள் காலை நனைப்பதோடு சரி, ஆனால் மலை முழுக்கப் பூ. மே முதல் தேதி வீட்டுக்கு வீடு காட்டுப்பூவில் மாலை கட்டிக் கதவில் தொங்கவிடுவார்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். கிரேக்க ஈஸ்டர் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டரோடு பல வருடம் ஒத்துவராது, 2027இல் அது மே 2. நள்ளிரவில் தேவாலய விளக்கையெல்லாம் அணைத்து, ஒரு சுடரிலிருந்து ஊரே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளும், மறுநாள் சிவப்பு முட்டையை மோதி உடைக்கும் விளையாட்டு. பிள்ளைகளுக்கு மறக்காது. ஆனால் அன்று எல்லா வீட்டு முற்றத்திலும் முழு ஆட்டைக் கம்பியில் குத்திச் சுற்றுவார்கள், சைவக் குடும்பம் என்றால் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆகஸ்ட் 15 மாதா திருவிழா, நகரத்திலிருந்து எல்லாரும் சொந்த ஊர் திரும்பும் சமயம், பாட்டும் ஆட்டமும் விடிய விடிய நடக்கும், அதே சமயம் அறையும் கிடைக்காது, விலையும் ஏறும்.

விசா பற்றிச் சுருக்கமாக. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குள் கட்டணம் இல்லை, விண்ணப்ப மையம் வாங்கும் சேவைக் கட்டணம் வேறு. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதத்துக்கு முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு முன் தேதி கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் தொடங்குங்கள்.

கார் இல்லாமல் பீலியோன் வேண்டாம். பேருந்து உண்டு, ஆனால் மிகக் குறைவு. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவையுங்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் காரில் குழந்தை இருக்கை சட்டப்படி அவசியம். ஏதென்ஸிலிருந்து வோலோஸ் 330 கிலோமீட்டர் அளவு, நெடுஞ்சாலை அருமை, சுங்கச்சாவடிகள் நிறைய. வழியில் தெர்மொபிலே என்ற பழைய போர்க்களம் வரும், அங்கே போரிட்ட ஸ்பார்ட்டா அரசன் லியோனிதாஸின் சிலையும், வெந்நீர் ஊற்று ஓடையும் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, காலை நீட்ட நல்ல இடம். வோலோஸ் தாண்டியதும்தான் வளைவுகள். பெண்ணுக்கு வண்டியில் வாந்தி வரும் வழக்கம் இருந்தால் மாத்திரை கொடுத்துவிட்டு மலை ஏறுங்கள், ட்சகராதா போகும் நாளில் இது மிகவும் முக்கியம். அந்த ஊரின் பிளேன் மரத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள், ஆயிரம் வயது என்று ஊரில் சொல்வார்கள், அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க உங்கள் குடும்பம் மட்டும் போதாது, பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட வேண்டும்.

வீடு பிடிக்கும்போது படத்தைப் பார்த்து மயங்காமல் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி? அறைக்குள்ளே மரப்படிக்கட்டு உண்டா, தடுப்பு இருக்கிறதா? மேல்தள ஜன்னல்கள் எவ்வளவு தாழ்வு? பழைய மாளிகைகளில் ஜன்னலோரமாகத் திண்ணை மாதிரி நீள இருக்கை இருக்கும், பையன் ஏறி நின்றால் ஜன்னல் விளிம்பு அவன் இடுப்புக்கு வரும். சமையல் மேடை இருக்கும் வீடாக எடுங்கள், ராத்திரி தயிர்சாதம் பிசைந்து கொடுத்துவிட்டுச் சதுக்கத்துக்குப் போனால் ஒன்பது மணிச் சாப்பாடு பிரச்சினையே இல்லை. கழிவறையில் காகிதத்தைக் குப்பைக் கூடையில் போட வேண்டும், உள்ளே போட்டால் பழைய குழாய் அடைத்துக்கொள்ளும், பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

உடம்புக்கு ஏதாவது என்றால் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைக்குப் போங்கள், மருந்தாளுநர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார்கள், சின்னக் காய்ச்சல், பூச்சிக்கடிக்கு அங்கேயே வழி சொல்வார்கள். அவசரம் என்றால் 112. பெரிய மருத்துவமனை வோலோஸில். கடலில் பாறை உள்ள பகுதிகளில் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் ஷூ இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். காட்டுத்தீ எச்சரிக்கை கைப்பேசிக்கே வரும், வந்தால் யோசிக்காமல் சொன்னபடி கிளம்பிவிடுங்கள்.

பத்து நாளை நான் இப்படிப் பிரிப்பேன்: இறங்கும் நாள் நேரே வோலோஸ், அங்கே ஒரு இரவு, நெடும்பயணத்துக்குப் பிறகு இருட்டில் மலை ஏற வேண்டாம். பிறகு ஆறு இரவு மிலியெஸ் அல்லது விஸிட்சா. திரும்பும் வழியைக் கொஞ்சம் நீட்டி கலம்பாகாவில் ஒரு இரவு, மீட்டியோரா பாறை மடங்களுக்காக. பெரிய மடத்துக்கு முந்நூறு படிக்கு மேல் உண்டு, அதை விட்டுவிட்டு புனித ஸ்டெஃபான் மடத்துக்குப் போங்கள், சின்னப் பாலம் தாண்டினால் வாசல், பாறை உச்சி மடத்தைப் படி ஏறாமலே பிள்ளைகள் பார்த்துவிடலாம். கடைசி இரவு ஏதென்ஸ். அக்ரோபோலிஸ் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்ப் பத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள், அதற்கு மேல் அந்தச் சுண்ணாம்புப் பாறையில் வெயில் தாங்காது.